பூனைக்குட்டிக்கு கழிச்சலா? பால் கிண்ணத்தை முதல்ல எடுங்க!

பெரம்பலூர்:

தெருவில் கத்திக்கொண்டு கிடந்த பூனைக்குட்டியை பிள்ளைகள் தூக்கி வருகிறார்கள். வீட்டில் ஒரு கிண்ணத்தில் பால் ஊற்றி வைக்கிறார்கள். குட்டி சப்புக்கொட்டி குடிக்கிறது. எல்லோருக்கும் சந்தோஷம். மறுநாள் காலையில் பார்த்தால் மூலைக்கு மூலை தண்ணீராக கழிச்சல். அதற்கு அடுத்த நாள் குட்டி தலையை தூக்கவில்லை. "தாய் இல்லாத குட்டி, எங்க பிழைக்கப்போகுது" என்று சொல்லி புதைத்துவிட்டு வருகிறார்கள்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பல வீடுகளில் நடக்கிற கதைதான் இது. மக்காச்சோளமும் நெல்லும் மூட்டை மூட்டையாக அடுக்கி வைக்கும் ஊர்கள். மூட்டை இருந்தால் எலி வரும். எலி வந்தால் பூனை வேண்டும். அதனால் தெரிந்தவர்களிடம் சொல்லி வைத்து குட்டி வாங்கி வருகிறவர்களும் உண்டு.

வந்த முதல் வாரத்திலேயே கழிச்சலில் சாகும் குட்டிகளில் நிறைய குட்டிகளை காப்பாற்ற முடியும். பெரிய செலவும் இல்லை. என்ன செய்யணும், என்ன செய்யக்கூடாது என்று தெரிந்தால் போதும். அதுபற்றிய விவரம் வருமாறு:-

பால் ஏன் ஆகாது?

"பூனைன்னா பால் குடிக்கும், இதுகூட தெரியாதா?" என்று நீங்கள் கேட்கலாம். குடிக்கும். ஆசையாகவே குடிக்கும். ஆனால் செரிக்காது. அதுதான் பிரச்சினை.

பாலில் லாக்டோஸ் என்று ஒரு சர்க்கரை இருக்கிறது. அதை செரிக்க வைக்க குடலில் லாக்டேஸ் என்ற ஒரு சுரப்பு வேண்டும். தாய்ப்பால் குடிக்கிற வயதில் குட்டிக்கு அது சுரக்கும். பால் மறக்க மறக்க அதுவும் குறைந்துகொண்டே போகும். செரிக்காத சர்க்கரை குடலிலேயே தங்கி, உடம்பில் இருக்கும் தண்ணீரை குடலுக்குள் இழுக்கிறது. அங்குள்ள கிருமிகள் அதை புளிக்க வைத்து வாயுவை உண்டாக்குகின்றன. வயிறு பொருமுகிறது. தண்ணீராக போகிறது.

"தாய்ப்பூனை கொடுக்கிறதும் பால்தானே?" என்றால், இரண்டும் ஒன்றல்ல. தாய்ப்பூனையின் பாலில் புரதம் பசும்பாலை போல இரண்டு மடங்குக்கும் மேல். சர்க்கரை குறைவு. பசும்பால் கன்றுக்குட்டிக்கு ஏற்பட்டது. பாக்கெட் பாலும் அப்படித்தான். ஆட்டுப்பாலிலும் கிட்டத்தட்ட அதே அளவு லாக்டோஸ் இருக்கிறது. பாலில் தண்ணீர் கலந்தால் சத்துதான் குறையும், குட்டி தேறாது.

பால் மட்டுமே காரணமா?

இல்லை. புது வீட்டுக்கு வந்த குட்டிக்கு கழிச்சல் வர வேறு காரணங்களும் உண்டு.

தாயை பிரிந்த பயம், புது இடம், திடீரென்று மாறிய சாப்பாடு இவை மூன்றும் சேர்ந்தாலே இரண்டு நாள் இளக்கமாக போகும். இந்த வகையில் குட்டி துள்ளி விளையாடும், நன்றாக சாப்பிடும்.

அடுத்தது குடற்புழு. தெருப்பூனையின் குட்டிக்கு வயிற்றில் பூச்சி இல்லாமல் இருந்தால்தான் அதிசயம். உருண்டைப்புழு தாயின் பால் வழியாகவே குட்டிக்கு வந்துவிடும். வயிறு மட்டும் பானை போல உப்பி, முதுகெலும்பு தெரிய மெலிந்து இருந்தால் புழு என்று சந்தேகப்படலாம். சில சமயம் நூடுல்ஸ் போல வெள்ளையாக மலத்திலோ வாந்தியிலோ வெளியே வரும். கொக்கிப்புழு இருந்தால் ரத்தத்தை உறிஞ்சிவிடும், ஈறு வெளுத்துப்போகும். தெள்ளுப்பூச்சியை நக்கி விழுங்குவதால் நாடாப்புழுவும் வரும். கண்ணுக்கு தெரியாத ஜியார்டியா, காக்சிடியா போன்ற நுண்ணுயிர்களாலும் சளி போல, நாற்றத்தோடு கழிச்சல் போகும்.

எல்லாவற்றிலும் கொடியது பேன்லூக்கோபீனியா என்ற வைரஸ் நோய். நாய்க்குட்டிகளை கொல்லும் பார்வோ வைரசுக்கு சொந்தக்கார வைரஸ் இது. தடுப்பூசி போடாத குட்டிக்கு வந்தால் காய்ச்சல், ஓயாத வாந்தி, ரத்தக் கழிச்சல் என்று ஓரிரு நாளில் முடித்துவிடும். தண்ணீர் கிண்ணத்துக்கு முன்னால் தலையை தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கும், குடிக்காது. இந்த நோய் மனிதர்களுக்கு வராது. ஆனால் மற்ற பூனைகளுக்கு வேகமாக பரவும்.

ஏன் இவ்வளவு அவசரம்?

பெரிய பூனைக்கு இரண்டு நாள் வயிறு சரியில்லை என்றால் தாங்கும். குட்டி தாங்காது. கணக்கு போட்டு பாருங்கள். அரை கிலோ எடையுள்ள குட்டி 50 மில்லி தண்ணீரை இழந்தாலே ஆபத்து. 50 மில்லி என்பது ஒரு டீ கிளாசில் பாதி. நாலைந்து தடவை தண்ணீராக போனாலே அந்த அளவை நெருங்கிவிடும். சித்திரை, வைகாசி வெயிலில் இன்னும் சீக்கிரம்.

கழிச்சலில் உயிரை எடுப்பது பெரும்பாலும் தண்ணீர் இழப்புதான். மனிதர்களிடமே இது பார்க்கப்பட்ட விஷயம். 1971-ல் வங்கதேச போரின்போது மேற்கு வங்காளத்தின் பங்கான் அகதிகள் முகாமில் காலரா பரவியது. சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை நோயாளிகளுக்கு குடிக்க கொடுக்க வைத்தார். சாவு வெகுவாக குறைந்தது. இன்று எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுக்கு பெயர் வாங்கி கொடுத்தது அந்த முகாம்தான். பூனைக்குட்டிக்கும் அடிப்படை அதேதான். போன தண்ணீரை திரும்ப கொடுக்க வேண்டும்.

உடனே செய்ய வேண்டியது

1. பாலை நிறுத்துங்கள். ஒரு சொட்டுகூட வேண்டாம். பால் கலந்த டீ, பிஸ்கட் ஊறவைத்த பால், பால் சோறு எதுவும் வேண்டாம். காரணம் பால் மட்டும் என்றால் ஒன்றிரண்டு நாளில் கழிச்சல் கெட்டிப்பட ஆரம்பிக்கும்.

2. சூடு கொடுங்கள். கழிச்சல் போன குட்டியின் உடம்பு சீக்கிரம் சில்லிட்டுப் போகும். வெதுவெதுப்பான வெந்நீரை பாட்டிலில் ஊற்றி, துணி சுற்றி, அட்டைப்பெட்டியின் ஒரு ஓரத்தில் வையுங்கள். மறு ஓரம் சும்மா இருக்கட்டும், சூடு அதிகமானால் குட்டி நகர்ந்துகொள்ளும். பழைய வேட்டி, புடவை துணி விரிக்கலாம். அரியலூர் பக்கம் காலி சிமெண்ட் சாக்குக்கு பஞ்சமில்லை. அதை மட்டும் விரிக்காதீர்கள். ஈரம் பட்டால் சிமெண்ட் தூள் பாதத்தையும், நக்கும்போது வாயையும் புண்ணாக்கும்.

3. தண்ணீர் கொடுங்கள். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். தானாக குடிக்காவிட்டால் ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, கன்னத்து பக்கமாக ஒன்றிரண்டு மில்லி மட்டும் மெதுவாக விடுங்கள். அரை மணிக்கு ஒரு முறை கொடுக்கலாம். குழந்தையை போல மல்லாக்க போட்டு ஊற்றக்கூடாது, நுரையீரலுக்கு போய்விடும். குட்டி துவண்டு கிடந்தால் வாயில் எதையும் ஊற்றவே கூடாது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து இதே அளவில் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. அட்டை டப்பாவில் வரும் இனிப்பு பானம் வேண்டாம்.

4. பட்டினி போடாதீர்கள். "வயித்துக்கு ஓய்வு கொடுப்போம்" என்று நாள் முழுக்க பட்டினி போடுவது பெரிய பூனைக்கு வேண்டுமானால் சரிப்படும். குட்டிக்கு ரத்தத்தில் சர்க்கரை இறங்கி மயக்கம் வந்துவிடும். கோழிக்கறியை உப்பு, மஞ்சள், மசாலா எதுவும் இல்லாமல் வெறும் தண்ணீரில் வேகவைத்து, தோலும் எலும்பும் நீக்கி, நன்றாக பிசைந்து, கொஞ்சம் குழைந்த சோறு சேர்த்து வையுங்கள். ஒரு வேளைக்கு ஒரு ஸ்பூன். 3, 4 மணி நேரத்துக்கு ஒரு முறை. கடையில் பூனைக்குட்டி தீவனம் வாங்குகிறவர்கள் அதை தண்ணீரில் ஊறவைத்து கொடுக்கலாம்.

செய்யவே கூடாதவை

மனிதர்களுக்கான மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். குறிப்பாக பாரசிட்டமால். நமக்கு காய்ச்சல் மாத்திரை, பூனைக்கு அது விஷம். அந்த மருந்தை முறிக்கும் சக்தி பூனையின் கல்லீரலுக்கு மிகவும் குறைவு. கால் மாத்திரைகூட குட்டியை கொன்றுவிடும். பேதியை கட்டுப்படுத்த நாம் போடும் மாத்திரையும் கூடாது. கிருமியும் புழுவும் உள்ளேயே தங்கிவிடும்.

வெங்காயம் கூடாது. பெரம்பலூர் மாவட்டம் சின்ன வெங்காயத்துக்கு பெயர் போனது. குழம்பு என்றால் வெங்காயம் இல்லாமல் இல்லை. மிச்ச குழம்பு சோற்றை பூனைக்கு வைக்கும் பழக்கமும் உண்டு. வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த சிவப்பணுக்களை உடைத்துவிடும். வேகவைத்தாலும் காயவைத்தாலும் அந்த குணம் போகாது. ஏற்கனவே கழிச்சலில் இருக்கும் குட்டிக்கு ரத்தமும் குறைந்தால் தேறுவது கஷ்டம். கருவாடும் வேண்டாம், உப்பு அதிகம்.

பினாயில், டெட்டால் போட்டு குட்டி இருக்கும் இடத்தை துடைக்காதீர்கள். அவை பாதத்தில் ஒட்டி, குட்டி நக்கும்போது உள்ளே போகும். அதுவும் விஷம்தான். கழிச்சல் பட்ட உடம்பை குளிப்பாட்டவும் கூடாது. வெதுவெதுப்பான ஈரத்துணியால் துடைத்து உடனே காயவைத்தால் போதும்.

எலிக்கு வைத்த மருந்து வீட்டிலோ களத்திலோ இருக்கிறதா என்று பாருங்கள். மருந்து தின்ற எலியை கடித்தாலும் குட்டிக்கு வாந்தியும் கழிச்சலும் வரும். அப்படி சந்தேகம் இருந்தால் மருந்து பாக்கெட்டை கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடுங்கள். வீட்டு வைத்தியத்துக்கு அங்கே இடமில்லை.

எவ்வளவு நேரம் பார்க்கலாம்?

இது குட்டியின் வயதை பொறுத்தது. கண் திறக்க ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். முன்பல் எட்டிப்பார்ப்பது 3, 4 வாரத்தில். தள்ளாடாமல் நடந்தால் ஒரு மாதம். நீலமாக இருந்த கண்மணி நிறம் மாற ஆரம்பித்தால் ஒன்றரை மாதம் தாண்டிவிட்டது என்று தோராயமாக சொல்லலாம்.

இரண்டு மாதம் நிரம்பாத குட்டி என்றால் காத்திருக்கவே வேண்டாம். தண்ணீராக போன அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். இரண்டு மாதத்துக்கு மேல், சுறுசுறுப்பாக இருக்கிறது, சாப்பிடுகிறது என்றால் பாலை நிறுத்திவிட்டு ஒரு நாள் பார்க்கலாம். அதற்கு மேல் கழிச்சல் நிற்கவில்லை என்றால் போய்த்தான் ஆக வேண்டும்.

கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தால்கூட எந்த வயதாக இருந்தாலும் உடனே கிளம்புங்கள்:-

* மலத்தில் ரத்தம், அல்லது தார் போல கறுப்பாக போவது.
* கழிச்சலோடு வாந்தியும் சேர்ந்துகொள்வது.
* ஒரு வேளைக்கு மேல் தொடர்ந்து சாப்பிடாமல் ஒதுங்கி கிடப்பது.
* வாயை திறந்து பார்த்தால் ஈறு வெளுத்தோ, பிசுபிசுவென்று ஒட்டும்படி காய்ந்தோ இருப்பது.
* காது, பாதம் சில்லிட்டு துவண்டு கிடப்பது.

துவண்ட குட்டிக்கு போகிற வழியில் ஒரு துளி தேனோ சர்க்கரை தண்ணீரோ விரலால் ஈறில் தடவலாம். உடம்பை சூடாக துணியில் சுற்றிக்கொள்ளுங்கள்.

"மாட்டாஸ்பத்திரியில பூனையை பார்ப்பாங்களா?"

பார்ப்பார்கள். அரசு கால்நடை மருந்தகம் என்பது ஆடு, மாட்டுக்கு மட்டும் அல்ல. நாய், பூனைக்கும் அங்கே சிகிச்சை உண்டு. "பூனைக்கு போய் டாக்டரா, சிரிப்பாங்க" என்று கூச்சப்பட்டு போகாமல் இருப்பதுதான் குட்டியின் உயிரை எடுக்கிறது. கூட்டம் இல்லாமல் பார்க்க காலையிலேயே போய்விடுவது நல்லது. 1962 என்ற இலவச எண்ணுக்கு அழைத்தால் வரும் நடமாடும் கால்நடை வண்டி முக்கியமாக கிராமத்து ஆடு, மாடுகளுக்காக ஓடுகிறது. பூனைக்குட்டியை நீங்களே தூக்கிக்கொண்டு போவதுதான் சீக்கிரம். ஊர் டாக்டர் மேல் சிகிச்சைக்கு அனுப்பினால் ஒரத்தநாடு, நாமக்கல் ஆகிய இடங்களில் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன.

பஸ்சில் போகிறவர்கள் குட்டியை கையில் பிடித்துக்கொண்டு போகாதீர்கள், மிரண்டு குதித்துவிடும். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி, மூடி போட்ட காய்கறி கூடை போதும். போகும்போது ஒரு சின்ன டப்பாவில் கொஞ்சம் மலத்தை எடுத்துப்போங்கள். என்ன புழு, என்ன கிருமி என்று பரிசோதித்து பார்க்க அது உதவும். எப்போது வந்த குட்டி, என்ன கொடுத்தீர்கள், எத்தனை முறை போனது, வாந்தி உண்டா என்று சொல்லுங்கள். பால் கொடுத்ததையும் மாத்திரை கொடுத்ததையும் மறைக்காதீர்கள். திட்டுவார்களே என்று பயந்து மறைத்தால் சிகிச்சை மாறிப்போகும்.

பூச்சி மருந்தை நீங்களாக வாங்கி கொடுக்க வேண்டாம். எடையை பார்த்துத்தான் அளவு. கழிச்சலில் துவண்ட குட்டிக்கு முதலில் உடம்பை தேற்றிவிட்டு அப்புறம்தான் கொடுப்பார்கள். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்து, பூச்சி மருந்து எதையும் பூனைக்கு பயன்படுத்தக்கூடாது.

வீட்டில் உள்ளவர்களும் ஜாக்கிரதை

பூனையின் மலத்தில் இருக்கும் புழு முட்டைகள் குழந்தைகளுக்கும் தொற்றும். குட்டியை தொட்ட கையை சோப்பு போட்டு கழுவாமல் பிள்ளைகளை சாப்பிட விடாதீர்கள். கழிச்சலை அள்ளும்போது கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொள்ளுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்த வேலையை அவர் செய்யவே வேண்டாம். டாக்சோபிளாஸ்மா என்ற கிருமி வயிற்றில் இருக்கும் குழந்தையை பாதிக்கும்.

குட்டி கடித்தாலோ, ரத்தம் வர பிறாண்டினாலோ சின்னதுதானே என்று விடாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு ஆஸ்பத்திரிக்கோ போய் ரேபிஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். தெருக்குட்டி என்றால் கட்டாயம்.

குட்டி இறந்த வீடா?

கழிச்சலில் ஒரு குட்டி இறந்த வீட்டில் உடனே இன்னொரு குட்டியை கொண்டுவராதீர்கள். பேன்லூக்கோபீனியா வைரஸ் தரையிலும் துணியிலும் ஒரு வருடம் வரைகூட உயிரோடு இருக்கும். பழைய துணி, அட்டைப்பெட்டி எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். தரையை முதலில் சோப்பு தண்ணீரில் கழுவி, பிறகு பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரை ஊற்றி 10 நிமிடம் விட்டு மறுபடி கழுவுங்கள். சாதாரண பினாயிலுக்கு இந்த வைரஸ் சாகாது. புதிதாக வருகிற குட்டிக்கு தடுப்பூசி போட்ட பிறகு கொண்டுவருவதே பாதுகாப்பு.

குட்டி கொண்டுவரும் முன்பு...

தெருவில் தனியாக கத்தும் குட்டியை பார்த்ததும் தூக்கிவிடாதீர்கள். தாய் இரை தேடப்போயிருக்கலாம், இடம் மாற்றிக்கொண்டிருக்கலாம். ஆபத்து இல்லாத இடம் என்றால் சில மணி நேரம் எட்ட நின்று பாருங்கள். ஒரு மாதம் நிரம்பாத குட்டிக்கு தாயை விட்டால் அதற்கென்று விற்கும் பூனைக்குட்டி பால்மாவுதான் வழி. அதுவும் இரவு பகலாக கொடுக்க வேண்டும். சொல்லி வைத்து வாங்குகிறவர்கள் இரண்டு மாதம் தாயிடம் விட்டு வாங்குங்கள்.

குட்டி அங்கே என்ன சாப்பிட்டது என்று கேட்டு, முதல் நாலைந்து நாள் அதையே கொடுங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உங்கள் வீட்டு சாப்பாட்டை கலந்து மாற்றுங்கள். தயிர் சோறு மட்டுமே போட்டு வளர்க்க முடியாது. டாரின் என்ற சத்து பூனைக்கு கறி, மீனில் இருந்துதான் கிடைக்க வேண்டும். அது இல்லாவிட்டால் கண்ணும் இதயமும் கெட்டுவிடும். மீன் தலை, கோழி ஈரல் துண்டு என்று வேகவைத்து கொஞ்சம் போட்டாலே பெரிய செலவு இல்லை. மீன் முள்ளை மட்டும் நன்றாக எடுத்துவிடுங்கள்.

கழிச்சல் நின்று, மலம் கெட்டிப்பட்டு, குட்டி பழையபடி ஓடியாடினால் மறுபடி பால் வைக்க ஆசை வரும். வைக்காதீர்கள். கிண்ணத்தில் தண்ணீர் இருந்தால் போதும். குடற்புழு மருந்துக்கு டாக்டர் சொன்ன தேதியை காலண்டரில் எழுதி வையுங்கள். பூனைக்கான தடுப்பூசியை 6 முதல் 8 வாரத்தில் ஆரம்பித்து, நான்கு மாதம் ஆகும்வரை 3, 4 வாரத்துக்கு ஒரு முறை போட வேண்டும். மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி. எந்த ஊசி எங்கே இருப்பு இருக்கிறது என்று மருந்தகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போனால் இரண்டு தடவை பஸ் செலவு மிச்சம்.